பேரும் பாரும்

“நான் ஒரு கிளப் வாங்கலாம்னு இருக்கேன்” என்று ராத்திரிச் சாப்பாட்டின்போது சொன்னேன். மனைவியின் கையில் பருப்புக் கரண்டி அந்தரத்தில் நின்றது.

அக்கரப்பத்தனையில் கிளப் என்றால் தொரைமார் பொழுது சாய்ந்ததும் போகிற இடம். நேராகப் போவார்கள், கோணலாகத் திரும்புவார்கள்.

“கூரைத் தகரம் மாத்தக் காசில்ல. ஒங்களுக்குக் கிளப்பு கேக்குதா?”

“அந்தக் கிளப் இல்லம்மா. கோல்ப் அடிக்கிற மட்டை. அதுக்கும் கிளப்னுதான் பேரு.”

“மட்டையை மட்டைன்னு சொன்னா பந்து ஓடாதாக்கும்?”

லயத்துச் சுவருக்குக் காது மட்டுமல்ல, வாயும் உண்டு. மறுநாள் காலையில் பஸ் நிற்கும் இடத்தில் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். “சேர், பார் லைசன் கெடச்சிருச்சாமே! எந்த எம்.பி.யப் புடிச்சீங்க?” கோல்பிலும் ‘பார்’ என்று ஒன்று உண்டு, அது வேறு என்று விளக்க ஆரம்பித்தேன். பஸ் வந்துவிட்டது. அந்த மாதம் முழுக்க ஊர் என்னை வருங்கால பார் முதலாளியாகவே நடத்தியது. கடைக்காரர் கடன் கொப்பியை நீட்டவே இல்லை.

ஐம்பது வயதுக்குமேல் தோட்டப் பள்ளிக்கூட வாத்தியாருக்கு மூன்று வழிகள்தான் உண்டு: கோயில் கமிட்டி, தொழிற்சங்கம், சீனி வியாதி. நான் நான்காவதாக ஒன்றைத் தேடினேன். கரப்பந்துக்கு முழங்கால் ஒத்துழைக்காது. கிரிக்கெட்டுக்குப் பதினொரு பேரைத் திரட்ட வேண்டும். கோல்பைத் தனியாக ஆடலாம்; தோற்றாலும் பார்க்க ஆளில்லை.

அது நமக்கு அந்நிய விளையாட்டு என்று சொன்னால் ஒப்பமாட்டேன். கோல்ப் வளர்ந்தது ஸ்கொட்லாந்தில். எங்கள் ஊர்த் தோட்டங்களின் பேர்கள் பாதியும் அங்கிருந்து வந்தவைதான். கிளாஸ்கோவில் கொழுந்தெடுத்து, வேவர்லியில் பெண்ணெடுத்து, பெல்மோரலில் பெண் கொடுத்த பரம்பரை நாங்கள். கோல்பின் தாய்வீடான சென்ட் அன்ட்ரூஸின் பேரில் நுவரெலியாவில் ஒரு ஹோட்டலே இருக்கிறது. அதன் பக்கத்தில்தான் 1889இல் வெள்ளைக்காரர்கள் தொடங்கிய நுவரெலியா கோல்ப் கிளப்பின் பதினெட்டுக் குழி மைதானம். சின்ன வயதில் நுவரெலியாவுக்குப் போகும்போதெல்லாம் பஸ் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு அந்தப் புல்வெளியைப் பார்ப்பேன். இவ்வளவு நல்ல நிலத்தில் ஏன் ஒரு தேயிலைச் செடிகூட நடவில்லை என்பதுதான் அன்றைய என் கவலை.

எங்கள் குடும்பத்துக்கும் கோல்புக்கும் ஓர் உறவு உண்டு. தாய்மாமா அந்த நுவரெலியா மைதானத்தில் முப்பது வருஷம் கேடியாக இருந்தவர். தொரைமாரின் பையைத் தூக்கித் தூக்கி வலது தோள் இடதைவிட ஓர் அங்குலம் கீழே இறங்கிவிட்டது. என் யோசனையை முதலில் அவரிடம்தான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. படித்தவன் அல்லவா? விலைப்பட்டியலைப் படித்தேன்.

புதிதாக வருகிற பேர்போன கம்பனி டிரைவர் ஒன்றின் விலை அறுநூறு டொலர் அளவில். டிரைவர் என்றால் வண்டியோட்டுபவர் அல்ல, முதல் அடி அடிக்கிற நீண்ட கிளப். அதை இலங்கை ரூபாவாக்கிப் பார்த்தால் லட்சத்தைத் தாண்டி ஓடுகிறது. தோட்டத்துக்காரனுக்கு ரூபாவில் கணக்கு ஏறாது, ‘பேரில்’தான் ஏறும். ஒரு நாள் மலைக்குப் போய் வேலை செய்தால் செக்ரோலில் ஒரு பேர் விழும். 2024இல் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா ஆனது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு டிரைவருக்கு நூறு பேருக்கு மேல் போட வேண்டும். நாலு மாதம் மழையிலும் அட்டைக்கடியிலும் கொழுந்தெடுத்து, ஒரே அடியில் பந்தைப் புதருக்குள் அனுப்புவதா? பாட்டன் பூட்டன் ஆவியெல்லாம் எழுந்து வந்து கேட்கும்.

எனவே பழையது தேடினேன். கொழும்பில் ஒரு கடையில், முப்பத்தெட்டாயிரத்துக்குப் பையோடு பதின்மூன்று கிளப். விதிப்படி பதினான்கு வரை வைத்துக்கொள்ளலாம். “ஒன்றுதானே சேர் குறையுது” என்றார் கடைக்காரர். பதினான்கு குழிப் பல்லாங்குழியில் ஒரு குழி காலியாக இருந்தால் என்ன மோசம் என்று நானும் நினைத்தேன்.

கோட்டையிலிருந்து பொடி மெனிக்கேயில் ஏற்றிக்கொண்டு வந்தேன். கோச்சியில் எதிரே இருந்தவர் நாவலப்பிட்டி வரை பையையே பார்த்துக்கொண்டிருந்தார். ஹற்றனில் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “நாதஸ்வர செட்டா?” தலவாக்கலையில் இறங்கி பஸ் ஏறியபோது கண்டக்டர் அதற்கும் ஒரு டிக்கெட் கிழித்தார். உட்கார சீட் மட்டும் தரவில்லை.

வீட்டு வாசலில் மாமா காத்திருந்தார். செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது. பையைத் திண்ணையில் கவிழ்த்து, ஒவ்வொன்றாக எடுத்து, தலையைப் பார்த்து, வாலைப் பார்த்து, காதோரம் வைத்து ஆட்டினார். பெண் பார்க்க வந்த வீட்டில்கூட இவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

“மருமகனே, இதுல ஏழாம் நம்பர் எத்தன இருக்கு?”

“மூணு மாமா.”

“பட்டர் எங்க?”

பட்டர் என்பது குழிக்குப் பக்கத்தில் வந்த பிறகு பந்தை உருட்டிவிடுகிற கிளப். பையில் இல்லை. அந்தப் பதினான்காவது அதுதான்.

“வீட்டுக்கு மூணு அம்மி வாங்கிருக்க, அடுப்பு வாங்கல. ஒரு ரவுண்டுல பாதி அடி பட்டர்லதாண்டா!”

கணக்கு சரிதான். பார் என்பது ஒரு குழியை இத்தனை அடியில் முடிக்கலாம் என்ற கணக்கு; குழிக்கு இரண்டு உருட்டல் என்று வைத்தே அதைப் போடுகிறார்கள். பதினெட்டுக் குழிக்கு முப்பத்தாறு. எழுபத்திரண்டு பார் உள்ள மைதானத்தில் அது சரிபாதி. அந்தப் பாதி இல்லாத பையை நான் கோச்சியில் மடியில் வைத்துக் கொஞ்சிக்கொண்டு வந்திருக்கிறேன்.

சோதனை தொடர்ந்தது. ஒன்றை ஆட்டியபோது உள்ளே கடகடவென்றது. தலை கழன்று பிறகு ஒட்டப்பட்டது. பந்துக்கு முன்னால் தலை பறக்கும் என்றார். இன்னொன்றின் தண்டில் நெளிவு. நெளிந்த இரும்புத் தண்டை நிமிர்த்தலாம், ஆனால் அதே இடத்தில் ஒருநாள் ஒடியும். பிடிகளின் ரப்பர் காய்ந்து பளபளத்தது. எங்கள் ஊர் மூடுபனியில் அதைப் பிடித்து வீசினால் பந்து இங்கேயும் கிளப் டயகமவிலும் விழும். பிடி மாற்றுவது மலிவான வேலை. தலை மாற்றுவதுதான் செலவு. பழையது வாங்குகிறவன் பிடியைப் பார்த்து ஏமாறவும் கூடாது, பிடியைப் பார்த்து ஓடவும் கூடாது.

தண்டில் ‘ஸ்டிப்’ என்று எழுதியிருந்ததைக் காட்டினேன். பலமானது போல என்று பெருமையாகச் சொன்னேன்.

“இது வேகமா வீசுற ஆளுக்கு. மெதுவா வீசுனா தண்டு வளையாது, பந்து எழும்பாது. ஒனக்கு ‘ரெகுலர்’ போதும். இன்னும் பத்து வருஷம் போனா ‘சீனியர்’.”

மூன்று ஏழாம் நம்பர்களும் மூன்று கம்பனி. தலையின் சாய்வும் மூன்று விதம். இது கடைக்காரர் செய்த கோளாறு அல்ல, உலகக் கோளாறு. பந்து தூரம் போகிறது என்று காட்டுவதற்காகக் கம்பனிகள் சாய்வை வருஷா வருஷம் குறைத்துக்கொண்டே வந்தன. இன்றைய ஏழாம் நம்பர் பலவற்றின் சாய்வு முப்பது பாகைக்குப் பக்கம். அரை நூற்றாண்டுக்கு முன் அது ஐந்தாம் நம்பரின் சாய்வு. லயத்துக்குப் பெயின்ட் அடித்து ‘தனி வீடு’ என்று பேர் வைத்தது போல. நம்பரைப் பார்த்து வாங்காதே, சாய்வைப் பார்த்து வாங்கு என்பது மாமா சொன்ன பாடம்.

பிறகு என்னை நிமிர்ந்து நிற்க வைத்தார். கையைத் தொங்கவிடச் சொல்லி, மணிக்கட்டிலிருந்து தரைவரை ஒரு கம்பால் அளந்தார். மாமி கொழுந்து எடுக்கும் காலத்தில் செடியின் மேல் வைத்த பழைய மட்டக்கம்பு அது. கிளப்பின் நீளத்தை ஆளின் உயரம் மட்டும் தீர்மானிக்காது, கையின் நீளமும் சேர்ந்து தீர்மானிக்கும். எனக்குக் கை நீளம் என்று கண்டுபிடித்தார். “பரவால்ல, குனிய வேண்டாம்” என்று என்னைத் தேற்றினார்.

“ஒங்க தாத்தா கவ்வாத்துக் கத்தி வாங்குறத நீ பாத்ததில்ல” என்றார் மாமா. “கடையில இருக்கிற கத்தி அத்தனையையும் வீசிப் பாப்பாரு. கையில கனமே தெரியாத கத்தியத்தான் எடுப்பாரு. வெல கடைசியா கேப்பாரு. அந்தக் கத்தியப் பெரிய தொரை கேட்டாலும் குடுக்கமாட்டாரு. நீ வெலயக் கேட்டுட்டுத்தான் மட்டையைப் பாத்திருக்க.”

நான் வாத்தியார். அடிபட்டால் புத்தகத்துக்குள் ஒளிவேன். 1930களில் லோசன் லிட்டில் என்ற அமெரிக்க வீரர் ஒரு பையில் முப்பத்தொரு கிளப் வரை வைத்து ஆடினார், அப்படிப் போனதால்தான் அமெரிக்காவில் 1938இலும் பிரிட்டனில் அடுத்த வருஷமும் பதினான்கு என்று எல்லை கட்டினார்கள், அதோடு பார்த்தால் என் பதின்மூன்று ஒன்றுமே இல்லை என்றேன்.

மாமா வலது தோளைத் தடவிக்கொண்டார். “முப்பத்தொண்ணயும் தூக்குனவன் பேரு என்னன்னு போட்டிருக்கா?”

புத்தகத்தில் இல்லை.

தோல்வியை ஒப்புக்கொண்டு எதிர்க்கட்சிக்கே சாட்சி சொன்னேன். 1916இல் சிக் எவன்ஸ் அமெரிக்க ஓப்பன் போட்டியை வென்றபோது அவர் பையில் இருந்தவை ஏழே கிளப். ஸ்பெயினின் செவ் பலெஸ்டெரோஸ் சின்னப் பையனாக இருந்தபோது ஒரே ஒரு மூன்றாம் நம்பர் இரும்பை வைத்துக் கடற்கரை மணலில் ஆடிப் பழகினார்.

“அவனுங்க நம்ம ஆளுங்க” என்றார் மாமா.

அன்று ராத்திரியே கவ்வாத்து நடந்தது. பதின்மூன்றில் தேறியவை நாலு: நீண்ட அடிக்குக் கட்டைத்தலை ஒன்று, ஏழாம் நம்பர், ஒன்பதாம் நம்பர், மண்ணிலும் சேற்றிலும் கிடக்கும் பந்தைத் தோண்டி எடுக்க ஒரு வெட்ஜ். இரும்புகளில் முதுகு குழிந்து விளிம்பு கனத்தவையாகப் பார்த்து எடுத்தார். பந்து நடுவில் படாவிட்டாலும் அவை ஓரளவு மன்னிக்கும். தட்டையான முதுகுக்காரி மன்னிக்கமாட்டாள், அவள் கைதேர்ந்தவனுக்கு. பட்டருக்கு மாமா தன் கட்டிலுக்கடியில் கையை விட்டார். எந்தக் காலத்திலோ ஒரு தொரை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன பித்தளைத் தலை. முப்பத்தெட்டாயிரம் கொடுத்து வாங்கியதில் பாதி ஆட்டம் இல்லை. அந்தப் பாதி இனாமாக வந்தது.

மிச்சம் ஒன்பதும் வீணாகவில்லை. ஒன்று அவரைக்கொடிக்குக் கொழுகொம்பு. ஒன்று தண்ணிப் பீலிக்கு முட்டு. கடகடத்தது குரங்கு விரட்ட. ஆட்டினாலே போதும், ஓடிவிடும்.

பயிற்சி தோட்டத்துக் கால்பந்து மைதானத்தில். எங்கள் பக்கம் தட்டையாக இருக்கிற ஒரே நிலம் அதுதான். “தலையைத் தூக்காத! பந்தப் பாரு!” என்பது மாமாவின் ஒரே மந்திரம். இருநூறு வருஷமாக எங்கள் ஆட்களுக்குச் சொல்லித்தராமலே வந்த ஒரு வித்தை தலையைத் தூக்காமல் இருப்பது. கையில் ஒரு கிளப்பைக் கொடுத்ததும் எங்கிருந்தோ ரோஷம் வந்து தலை தானாக நிமிர்கிறது, பந்து தேயிலைக்குள் போகிறது. கொழுந்து எடுக்கிற அக்காமார் கூடையில் பொறுக்கிப்போட்டு, தராசடியில் திருப்பித் தருவார்கள். “சேர், இன்னைக்கு நாலு. நெறயில கழிச்சிட்டாங்க.”

ஒருநாள் வானம் உறுமியது. மாமா முதல் ஆளாக இரும்பைக் கீழே போட்டுவிட்டு ஓடினார். நுவரெலியா மைதானத்தை ஒட்டி மேஜர் ரொஜர்ஸ் என்ற வெள்ளைக்காரரின் கல்லறை இருக்கிறது. ஆயிரத்துக்கு மேற்பட்ட யானைகளைச் சுட்ட மனிதர். அத்தனை யானையும் சேர்ந்து செய்யமுடியாததை 1845இல் அப்புத்தளையில் ஒரு மின்னல் செய்தது. முப்பது வருஷம் அந்தக் கல்லறையைக் கடந்து இரும்பு தூக்கியவர் இடிக்குப் பயப்படாமல் இருப்பாரா?

ஆறு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போட்டி வைத்தோம். முறைப்படி கோல்ப் குழியின் வாய் 108 மில்லிமீற்றர். பால்மா டின் அதற்குக் கிட்டத்தட்டச் சரியாக வந்தது. மைதானத்தின் இரு மூலையிலும் ஒவ்வொரு டின் புதைத்து, ஒன்பது தரம் போய் ஒன்பது தரம் வந்தால் பதினெட்டுக் குழி. குழிக்கு மூன்று என்று மாமா பார் போட்டார். மொத்தம் ஐம்பத்து நாலு. அவருக்கு எழுபத்தொரு வயது. ஏழாம் நம்பரும் பித்தளைப் பட்டரும் மட்டும் போதும் என்றார். பையை நான்தான் தூக்கினேன். ஐந்தே கிளப்தான், ஆனாலும் பதினொன்றாவது குழியில் என் தோள் அவருடைய தோளை விசாரித்தது.

மனைவி திண்ணையில் கொப்பியோடு உட்கார்ந்து கணக்கு எழுதினாள். கணக்கப்பிள்ளைக்கே கணக்குச் சொல்லிக்கொடுத்த கொழுந்துக்காரியின் மகள். ஆட்டம் முடிந்ததும் கூட்டிப்பார்த்து எழுந்து நின்றாள்.

“மாமா அறுவத்தாறு. இவரு நூத்தி மூணு.”

நான் தலைகுனிந்தேன். ஆடும்போது குனிந்திருக்க வேண்டிய அதே தலை.

“அப்ப இவருதானே ஜெயிச்சாரு! ஐம்பத்து நாலுக்கு மேல நாப்பத்தொம்போது ஓவர் கிலோ!”

தோட்டத்தில் கணக்கு அப்படித்தான். நிறை குறைந்தால் அரைப்பேர், கூடினால் கூடக் காசு. குறைத்து எடுப்பவனைக் கொண்டாடுகிற ஒரு வேலையை அவள் எங்கே கண்டாள்? விளக்க வாயெடுத்தேன். மாமா கையமர்த்தினார். பட்டரின் பித்தளையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

“சரியாத்தான் சொல்றா. அவனுக்கு முழுப்பேர் போடும்மா. எனக்கு அரைப்பேர் போதும்.”