மார்மைட்டார் இலக்கணம்

பேரா மாநிலத்தில் ஈப்போவுக்குத் தெற்கே உள்ள பத்து காஜாவிலும் அதைச் சுற்றியிருந்த ரப்பர்த் தோட்டங்களிலும் பிறந்து, அந்தத் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புக்கும் கைமாறிய பிறகு தாமான் எனப்படும் குடியிருப்புகளில் ஓய்வுக்காலத்தைக் கழித்துவரும் தமிழ்ப் பெரியவர்களுள் ஒரு சாரார் உண்டு. அவர்களைப் பேச்சாலோ உடையாலோ இனங்காண்பது கடினம். சமையலறை அலமாரியின் மேல்தட்டில், பேரப்பிள்ளைகளின் கைக்கு எட்டாத உயரத்தில், மஞ்சள் மூடியிட்ட கரிய குண்டுப் போத்தல் ஒன்று இருந்தால், அவ்வீட்டுத் தலைவர் அச்சாராரைச் சேர்ந்தவர் என்று துணிந்து சொல்லலாம். போத்தலுக்குள் இருப்பது மார்மைட். பீர் வடித்த பிறகு ஆலையில் எஞ்சும் ஈஸ்ட்டை, அதாவது மாவையும் கள்ளையும் பொங்கச் செய்யும் நுண்ணுயிரை, உப்பும் வெப்பமும் கொடுத்து அதன் நொதிகளாலேயே அது தன்னைக் கரைத்துக்கொள்ளும்படி செய்து, கரையாத கூட்டை வடிகட்டி நீக்கிச் சாற்றைச் சுண்டக் காய்ச்சினால் கிடைக்கும் களிம்பு அது. ஆங்கிலேயர் வெண்ணெய் தடவிய ரொட்டியில் அதை ஒப்புக்குப் பூசித் தின்கின்றனர். மலேசியர் பலரும் கஞ்சியில் கரைத்துக் குடிக்கின்றனர். குடிப்பதில் அதிசயம் ஒன்றுமில்லை. குடிக்காதவரைக் கண்டால் இரக்கப்படுவதும், இரக்கம் பலிக்காதபோது பாடம் நடத்துவதுமே இச்சாராரின் தனியியல்பு என்பதால், இவர்களுக்கு மார்மைட்டார் என்ற பெயர் பொருந்தும்.

மார்மைட்டார் லயத்தில், அதாவது தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாக வாழ்ந்த தோட்டத்து வீடுகளில், பிறந்தவராக இருக்கலாம். ஆனால் அங்கேயே நின்றுவிட்டவராக இருக்கமாட்டார். தோட்டத்துச் சமூகம் படிப்படியாக அமைந்திருந்தது. மேட்டுப் பங்களாவில் துரை. அவருக்குக் கீழே கணக்கெழுதும் கிராணியும், தோட்டத்து மருந்தகத்தை நடத்திய டிரெஸ்ஸரும். அவர்களுக்கும் கீழே ஆள்களை மேய்க்கும் மண்டோர். எல்லாருக்கும் கீழே, விடியுமுன் பெரட்டு எனப்படும் ஆள்கணக்கெடுப்புக்கு வந்து பெயர் கொடுத்துவிட்டுப் பால்மரம் வெட்டப் போனவர்கள். கிராணி, டிரெஸ்ஸர் வேலைகளில் யாழ்ப்பாணத்தாரும் மலையாளிகளும் மிகுந்திருந்தனர். மார்மைட் இந்தப் படிக்கட்டில் மேலிருந்து கீழே இறங்கி வந்த பண்டம். துரையின் காலையுணவு மேசையில் அது உணவாக இருந்தது. கிராணி வீட்டில் கௌரவமாயிற்று. காய்ச்சல் கண்ட லயத்துப் பிள்ளைக்கு யாரோ ஒரு கிராணியம்மா மனமிரங்கி வெந்நீரில் அரைக் கரண்டி கரைத்துக் கொடுத்தபோது மருந்தாகிவிட்டது. பிற்காலத்தில் அந்தப் பிள்ளை படித்து அரசாங்க வேலைக்குப் போய், முதற் சம்பளத்தில் சொந்தமாக ஒரு போத்தல் வாங்கியதே மார்மைட்டாரின் தோற்றுவாய். ஆகவே அவர் போத்தலைத் திறக்கும்போது அந்த வாடையில் சத்து மட்டும் எழுவதில்லை. பதவி உயர்வும் சேர்ந்தே எழுகிறது.

பத்து காஜாவை அறிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. ஸ்காட்லாந்திலிருந்து வந்து இங்கே ரப்பர்த் தோட்டம் போட்ட வில்லியம் கெல்லி ஸ்மித், தம் மாளிகையின் வேலை நடந்துகொண்டிருந்தபோது கொள்ளைநோயில் தொழிலாளர் பலர் இறக்க, அவர்கள் கேட்டுக்கொண்டபடி மாரியம்மன் கோயில் கட்டிக்கொடுத்தார் என்பது வரலாறு. அந்தக் கோயிலின் கூரைமேல் தெய்வ உருவங்களுக்கிடையே தொப்பியணிந்து நிற்கும் சுதைப்பொம்மை கெல்லியே என்று ஊரார் காட்டுவர். மார்மைட்டார் இதனைத் தம் கட்சிக்குச் சான்றாகப் பயன்படுத்தத் தவறுவதில்லை. அம்மனே தொப்பிக்காரரைப் பக்கத்தில் சேர்த்துக்கொண்டபோது, வீட்டுக்காரம்மா ஒரு போத்தலைச் சேர்த்துக்கொள்ளக்கூடாதா என்பது அவர் வாதம்.

வீட்டுக்காரம்மா சேர்த்துக்கொள்வதில்லை. காலை ஏழு மணிக்குக் கஞ்சி இறங்கும். நெத்திலியும் வெங்காயமும் பொரித்துத் தட்டில் வைத்திருக்கும். மார்மைட்டார் போத்தலை எட்டி எடுத்து, கழுத்தில் இறுகிப்போன மூடியைத் துணி சுற்றித் திருகி, தேக்கரண்டியின் தலைப்பக்கத்தை விட்டுக் காம்புப்பக்கத்தை உள்ளே நுழைப்பார்; தலைப்பக்கத்தில் எடுத்தால் பாதி கரண்டியிலேயே ஒட்டி வீணாகும் என்பது நீண்ட அனுபவத்தில் கண்ட முடிவு. காம்பை உயர்த்தினால் கரிய இழை ஒன்று அறாமல் நீளும். அதை அறுக்கக் காம்பை மும்முறை சுழற்றி, கஞ்சியின் நடுவில் இறக்கி, வெள்ளைக் கஞ்சியில் பழுப்பு வளையங்கள் விரிவதை ஒரு கணம் நின்று பார்ப்பார். எதிர்க்கட்சி வாய் திறக்கும் நேரம் இதுதான்.

"நல்ல கஞ்சிய ஏங்க நாசமாக்குறீங்க? ரோட்டுக்குப் போடுற தாரு மாதிரி இருக்கு."

"இதுல வைட்டமின் இருக்கு. உனக்கு எங்க தெரியப் போவுது."

"எங்கம்மா ஒம்போது பெத்தாங்க. எந்தப் போத்தலத் தொட்டாங்க?"

இந்த மூன்றாம் வாக்கியத்துக்கு மார்மைட்டாரிடம் நேர்விடை கிடையாது என்பதால், அவர் வரலாற்றுக்குள் புகுந்துவிடுவார். ஈஸ்ட்டைச் சுண்டக் காய்ச்சி உணவாக்கலாம் என்று கண்டவர் 19-ஆம் நூற்றாண்டின் ஜெர்மானிய வேதியியலறிஞர் லீபிக் என்பதையும், 1902-இல் இங்கிலாந்தின் பீர் நகரமாகிய பர்ட்டனில் மார்மைட் நிறுவனம் தொடங்கப்பட்டதையும், முதல் உலகப் போரில் படைவீரர்களுக்கு அது வழங்கப்பட்டதையும் அவர் வரிசை பிசகாமல் சொல்வார். அவருடைய துருப்புச்சீட்டு லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர். 1928-இல் பம்பாய் வந்த அவர், அங்கே ஆலைத்தொழிலாளர் குடும்பங்களில் கருவுற்ற பெண்களை வாட்டிய கடுமையான சோகையை ஆராய்ந்து, மலிவான ஈஸ்ட் சாறாகிய மார்மைட் அதைக் குணமாக்குவதைக் கண்டு 1931-இல் வெளியிட்டார். அதிலிருந்த காரணியே பின்னர் ஃபோலிக் அமிலம் எனப்பட்டது. இவை யாவும் உண்மை. ஆயினும் மார்மைட்டார் இந்த ஆய்வைச் சொல்லும்போது கருவுற்ற பெண்கள் மெல்ல நழுவி மறைந்து, அவர்களுடைய இடத்தில் முட்டிவலி, ஞாபகமறதி, தேர்வுக்குப் படிக்கும் பேரன் ஆகியோர் வந்து அமர்ந்துவிடுகின்றனர்.

எதிர்க்கட்சியின் வாதங்களும் ஒரேமாதிரியானவை அல்ல. வாடை பிடிக்காதவர்கள் எளிய பகுதியினர். அவர்களோடு வாதம் இல்லை. பீர் ஆலையிலிருந்து வருவது என்று அறிந்து முகம் சுளிப்பவர்கள் அடுத்தவர்கள். இவர்களுக்கு மார்மைட்டார் பொறுமையாக, அதில் போதை இல்லை, எஞ்சிய ஈஸ்ட் மட்டுமே உண்டு என்று விளக்குவார். தோட்டத்துக் கள்ளுக்கடையில் கூலியில் பாதியை இறக்கிவைத்துவிட்டு வந்த தாத்தாக்களின் பேத்திகள் இந்த விளக்கத்தை நம்புவதில்லை, நம்பாததற்கு அவர்களுக்குக் காரணமும் உண்டு. மூன்றாம் பகுதியினரின் கலக்கம் பொவ்ரிலால் வந்தது. பொவ்ரில் என்பது மாட்டிறைச்சிச் சாற்றிலிருந்து செய்யப்பட்ட மற்றோர் ஆங்கிலக் களிம்பு. நிறத்திலும் போத்தலிலும் மார்மைட்டுக்கு உடன்பிறப்பாகத் தோன்றுவது. மாட்டிறைச்சி நுழையாத வீடுகளில் கண்ணாடி அணியாத பாட்டிமார் இரண்டையும் ஒன்றாகவே கருதி, மார்மைட் தொட்ட கரண்டியைத் தனியே கழுவுவர். 2004-இல் யூனிலீவர் நிறுவனம் பொவ்ரிலிலிருந்து மாட்டிறைச்சியை நீக்கி ஈஸ்ட் சாற்றைச் சேர்த்து, 2006-இல் மீண்டும் மாட்டிறைச்சிக்கே திரும்பியதால், கலக்கம் தீர்வதற்கு மாறாக முற்றியது. போத்தலில் ஒட்டியுள்ள சீட்டைப் படித்துக்காட்டும் மார்மைட்டாரிடம், "சீட்டு ஒட்டினவன் யாரு, நம்ம ஆளா?" என்று கேட்டு விவாதத்தை முடித்துவைப்பர்.

பிரிட்டனில் இதே பிளவை நிறுவனமே முதலாக்கிக்கொண்டது; விரும்பு, அல்லது வெறுத்துவிடு என்ற பொருளில் 1996 முதல் விளம்பரம் செய்து இரு சாராருக்கும் சேர்த்தே பெயர் வாங்கிக்கொண்டது. அங்கே அது நாக்கைப் பற்றிய சண்டை. பத்து காஜாவில் நாக்கு சாட்சிக்கு வருமே தவிர, வழக்கு வேறு: பெரிய வீட்டுப் போத்தல் உடம்பை வளர்த்ததா, அம்மாவின் கஞ்சி வளர்த்ததா என்பதே வழக்கு. இதற்குத் தீர்ப்பு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே, இந்நாட்டிலேயே, எழுதப்பட்டுவிட்டது என்பதுதான் வேடிக்கை.

அக்காலத்தில் மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனத் தொழிலாளர்களைப் பெரிபெரி என்ற நோய் கூட்டங்கூட்டமாகக் கொன்றது. கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, இதயம் நின்றுபோகும் அந்நோய், வைட்டமின் பி1 குறைவால் வருவது. அன்று அது தெரியாது. நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர், அதே வெயிலில் அதே அளவு வறுமையில் உழைத்த தமிழர்களை அந்நோய் பெரும்பாலும் தொடாமலிருப்பதைக் கவனித்து, 1907-இல் நூலாகவே எழுதினார். சீனர் உண்டது தீட்டிய பச்சரிசி. தமிழர் உண்டது புழுங்கலரிசி. பிராடன் அரிசியில் ஏதோ நஞ்சு இருப்பதாகக் கருதினார். கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த ஃபிரேசரும் ஸ்டான்டனும் ஜாவானியச் சாலைத் தொழிலாளர் 300 பேருக்கு இருவகை அரிசியையும் மாற்றிமாற்றிக் கொடுத்துப் பார்த்து, தீட்டும்போது தவிட்டோடு கழிந்துபோகும் ஏதோவொரு சத்தின் குறையே காரணம் என்ற முடிவுக்கு வழிவகுத்தனர். நெல்லை ஊறவைத்து உமியோடு அவிக்கும்போது தவிட்டிலுள்ள வைட்டமின் அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், பிறகு தீட்டினாலும் அது முழுவதும் போவதில்லை. மார்மைட்டார் போத்தலில் தேடும் பி வகைச் சத்துகளுள் முதன்மையானதை லயத்துக் கஞ்சிப்பானை, விளம்பரமும் சீட்டும் இல்லாமல் நாள்தோறும் கொடுத்துவந்தது. ஒன்பது பெற்ற அம்மா எந்தப் போத்தலையும் தொடவேண்டிய தேவை இல்லாதிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இந்தச் செய்தியை மார்மைட்டாரிடம் சொன்னவர் உண்டா என்பது ஐயமே. சொன்னால், தற்காலத்தில் வீட்டில் சமைப்பது தாய்லாந்துப் பச்சரிசி என்று அவர் சுட்டிக்காட்டுவார், அதில் அவருக்கே வெற்றி.

2011-இல் டென்மார்க் நாட்டில், சத்தேற்றிய உணவுகளுக்கு முன்னனுமதி கேட்கும் சட்டத்தால் மார்மைட் கடைகளிலிருந்து எடுக்கப்பட்டது என்ற செய்தி வந்தபோது, மார்மைட்டார் இனத்தார் அதைத் தம்மீது தொடுக்கப்பட்ட போராகவே கொண்டனர். தீபாவளிக்கு வீடுதோறும் வாங்கும் நீலத் தகரப் பெட்டி டென்மார்க் பிஸ்கட்டை இனி வாங்கக்கூடாது என்று உத்தரவிட்டவர்களையும் இவ்வினத்தில் எதிர்பார்க்கலாம். உத்தரவு சமையலறை வாசலைத் தாண்டியிராது. பிஸ்கட் தீர்ந்ததும் பெட்டி ஊசிநூலுக்கு வேண்டும். அதைப் போலவே தீர்ந்த மார்மைட் போத்தல் கடுகுக்கு வேண்டும். வெந்நீர் ஊற்றிக் குலுக்கி, வாடை போக மூன்று நாள் வெயிலில் காயவைத்து, மார்மைட்டை வாயில் வைக்காத வீட்டுக்காரம்மா வரிசையாக அடுக்கியிருக்கும் கடுகு, வெந்தயம், சோம்புப் போத்தல்களைக் காணும் விருந்தினர், அவ்வீட்டில் எதிர்ப்பே இல்லை என்று தவறாக முடிவு கட்டிவிடக்கூடும்.

இரு கட்சிகளையும் ஒருசேரத் தோற்கடித்தவன் பேரன். கஞ்சியில் ஒரு துளி விழுந்தாலும் கிண்ணத்தைத் தள்ளிவிடுபவன், ஞாயிற்றுக்கிழமை சீனர் கடைக்குப் போனால் முதலில் கேட்பது மார்மைட் கோழி. கோழித்துண்டுகளை மாவில் புரட்டிப் பொரித்து, மார்மைட்டோடு சோயா சாறும் தேனும் மால்ட் சர்க்கரையும் சட்டியில் கொதிக்கவைத்துப் பாகு பதம் வந்ததும் அதில் போட்டுப் புரட்டினால், கருஞ்சிவப்பாகப் பளபளக்கும் பண்டம் அது. புளிக்கவைத்த சோயாவிலும் ஈஸ்ட் சாற்றிலும் இருப்பது குளுட்டாமேட் என்ற ஒரே சுவைப்பொருள் என்பதால், பல தலைமுறையாகச் சோயா சாற்றில் கைதேர்ந்த சீனச் சமையற்காரருக்கு இந்தக் களிம்பு அந்நியமாகத் தோன்றவில்லை. இனிப்பைச் சேர்த்து அதன் கசப்பை அடக்கினால் போதும் என்று கண்டுகொண்டார். பாட்டியும் இரண்டு துண்டு எடுத்துக்கொள்வார், பெயரைக் கேளாமல். மார்மைட்டார் மட்டும் அன்று வாய் திறப்பதில்லை. தம் மருந்தைச் சர்க்கரையில் முக்கிப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதை அவரால் வெற்றியென்று கொள்ளவும் முடியவில்லை, சகித்துக்கொள்ளவும் முடியவில்லை.

கரண்டிக் கணக்கில்தான் மார்மைட்டார் உண்மையிலேயே பிழை செய்கிறார். அந்தக் களிம்பில் 100 கிராமுக்கு ஏறத்தாழ 10 கிராம் உப்பு. அதிலுள்ள பி12 ஈஸ்ட்டில் தானாக உண்டானது அன்று, ஆலையில் சேர்க்கப்படுவது. இரத்த அழுத்தத்துக்கு மாத்திரை விழுங்கிக்கொண்டே காம்புக்கணக்கை விட்டுத் தலைக்கரண்டிக் கணக்குக்கு மாறிய பெரியவர்கள் இதை நினைவில் கொள்ளவேண்டும். கஞ்சியில் கலக்க விரும்புவோர் அரிசி வேகும்போது உப்புப் போடாமல், இறக்கியபின் கால் தேக்கரண்டி மார்மைட் மட்டும் கரைத்துக்கொண்டால் போதுமானது. புழுங்கலரிசிக் கஞ்சியானால் அதுவும் வேண்டியதில்லை.