நூலும் சட்ட நூலும்

பட்டுத் தறியில் பாவு, ஊடை இரண்டையும் ஒரே ஆளாகக் கவனிக்கிறேன். வக்கீல் வைக்காமல் அப்பீலையும் நானே நடத்தலாமா?
– ஒரு நெசவாளர், தேசூர்

நூல் உங்களுக்குப் புதிதா என்ன? இது சட்ட நூல், அவ்வளவுதான்!

2ஜி அலைக்கற்றை முறைகேட்டுப் புகார் விவகாரத்தில் டெல்லி உயர் நீதிமன்றம் கைவிரித்ததும், வக்கீல் அல்லாத சுப்பிரமணியன் சுவாமி உச்ச நீதிமன்றத்துக்கு அப்பீல் போனார். தாமே வாதாடி, 2012 ஜனவரி 31 அன்று ஜெயித்தார். ஊழல் வழக்குத் தொடர அனுமதி கேட்கும் உரிமை சாதாரணக் குடிமகனுக்கும் உண்டு என்றது தீர்ப்பு. இத்தனைக்கும் அவர் மனைவியே உச்ச நீதிமன்ற வக்கீல். ஃபீஸ் கட்டுப்படியாகவில்லையோ?

சிவில் அப்பீலுக்கு மாவட்ட நீதிமன்றமென்றால் 30 நாள், உயர் நீதிமன்றமென்றால் 90 நாள் கெடு. தறியில் இழை அறுந்தால் முடிச்சுப் போடலாம். கெடு தவறினால், தாமதத்துக்குக் காரணம் சொல்லித் தனி மனுவே போட வேண்டும்.