லாஸ்ட் எவ்ளோ?

போன ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. இன்னும் பல்கூடத் துலக்கவில்லை, செல்போனில் ஒரு செய்தி. வணக்கம் இல்லை, பெயர் இல்லை. "லாஸ்ட் எவ்ளோ". அவ்வளவுதான். தலைப்பில் இருக்கும் கேள்விக்குறி நான் போட்டது.

விற்பனைக்குச் சொல்லியிருந்தது என்னிடமிருக்கும் பதினேழு கைக்கடிகாரங்களில் ஒன்று. சீகோ 6139, மஞ்சள் டயல், ஆட்டோமேடிக் குரோனோகிராஃப். அதை ஏன் விற்கத் துணிந்தேன் என்பதற்கு நியாயமான காரணம் உண்டு. பிறகு சொல்கிறேன். முதலில் இந்த லாஸ்ட்.

நமக்கு முதல் விலை என்று ஒன்று கிடையாது. சொல்லும் விலை, கடைசி விலை, இரண்டுதான். கீரைக்காரம்மா கட்டு இருபது என்றால், "கடைசியா எவ்வளவும்மா?" பதினெட்டு. "சரி, அது கடைசி. குடுக்கறது எவ்வளவு?" 'ஒரே விலை' என்று பலகை மாட்டிய ஜவுளிக் கடையில், அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்றுகொண்டு என் மனைவி கேட்டிருக்கிறாள். கடைப்பையன் பாவம், விரலை மேலே காட்டினான். "அது எல்லாருக்கும் போட்டிருக்கு தம்பி, நமக்கு எவ்வளவு?" என் பெரியப்பா மகன் ஒருவர், கண்புரை ஆபரேஷனுக்குப் போன இடத்தில், "ரெண்டு கண்ணும் சேத்துப் பண்ணினா லாஸ்ட் எவ்ளோ டாக்டர்?" என்றார். டாக்டர் சிரிக்கவில்லை, கொஞ்சம் குறைத்தார். அதுதான் ஆபத்து. ஒருமுறை பலித்துவிட்டால் ஆயுசுக்கும் விடாது. அண்ணன் இப்போது பஸ்ஸில் மட்டும்தான் கேட்பதில்லை, அதுவும் கண்டக்டர் நிற்பதில்லை என்பதால்.

லாஸ்டில் படிகள் உண்டு. லாஸ்ட், ஃபைனல், ஃபைனல் லாஸ்ட், அதற்கும் கீழே 'மனசுல வெச்சிருக்கிற ரேட்'. நான் யோக்கியனா? இதே வாட்சை பர்மா பஜாரில் வாங்கியபோது கையில் எடுக்குமுன்பே அதைத்தான் கேட்டேன். அவர் சொன்னதில் பாதி சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். நடையைக் கட்டினேன். பத்தடி நடப்பதற்குள் கூப்பிடுவார்கள் என்பது பீச் ஸ்டேஷன் வாசலின் சட்டம். பத்தும் ஆயிற்று, குரல் வரவில்லை. பதினோராவது அடியை எவ்வளவு சின்னதாக வைத்தேன் தெரியுமா? பன்னிரண்டாவதற்குக் காலைத் தூக்கி, ஷூ லேஸ் கட்டுகிற சாக்கில் குனிந்தேன். போட்டிருந்தது செருப்பு. அப்போதுதான் கூப்பிட்டார். இன்றைக்கும் அவருக்கு நான் நானூறு ரூபாய் அதிகம் கொடுத்ததாகத்தான் என் கணக்கு.

வாட்சுக்கு வருகிறேன்.

பதினோரு மணிக்குச் செய்தி அனுப்பிய தம்பி வந்தார். கூடவே ஒரு மச்சான். வண்டியோ, வாட்சோ, மனையோ, நம் ஊரில் எதை வாங்கப் போனாலும் ஒரு மச்சான் வந்தாக வேண்டும். அவருக்கு எல்லாம் தெரியும்.

"முள்ளு நிக்குதே சார்" என்றார் மச்சான்.

இந்த வாட்சில் எப்போதும் ஓடுகிற செகண்ட் முள் கிடையாது. நடுவில் இருக்கும் நீள முள் ஸ்டாப்வாட்சுக்கு உரியது; மேல் பட்டனை அழுத்தினால் ஓடும், மறுபடி அழுத்தினால் நிற்கும், கீழ்ப் பட்டனில் பழைய இடத்துக்குத் திரும்பும். கீழே உள்ள சின்ன வட்டம் முப்பது நிமிஷம் வரை எண்ணும். விளக்கினேன். "அப்ப செகண்ட் முள் இல்லாத வாட்ச்" என்று தம்பி பக்கம் திரும்பிச் சொன்னார். தம்பி மனசுக்குள் ஐயாயிரம் குறைத்தது முகத்தில் தெரிந்தது.

அடுத்து சாவி கொடுக்க ஆரம்பித்தார். 6139-க்குச் சாவி கொடுக்க முடியாது. கையில் கட்டி ஆட்டினால்தான் உண்டு. பக்கத்துத் திருகைச் சுற்றினால் டயலைச் சுற்றியுள்ள உள்வளையம்தான் சுழலும். இரண்டு நிமிஷம் அந்த வளையத்தைச் சுற்றிவிட்டு, "நல்லா டைட்டா ஏறுது" என்றார்.

"டயல் ஒரிஜினலா? பாம்பே பெயிண்டா?"

இந்தச் சந்தேகத்தை மட்டும் குறை சொல்ல மாட்டேன். மும்பையில் மறுபூச்சுப் பூசி, நாலு வாட்சின் உறுப்பை ஒன்றாக்கி வரும் சரக்கால், இந்தியாவிலிருந்து பழைய வாட்ச் என்றாலே வெளிநாட்டுக்காரர்கள் பத்தடி தள்ளி நிற்கிறார்கள். ஒரிஜினல்தான், வெயிலில் வெளுத்திருக்கிறது பாருங்கள் என்றேன். பார்த்தார். "ஆமா, ரொம்ப டல்லா இருக்கு. புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கலாமே?"

முதுகிலுள்ள நம்பர் 4-ல் தொடங்குகிறது. முதல் எண் வருஷத்தின் கடைசி எண். ஆகவே 1974. "84-ஆவும் இருக்கலாமில்ல?" இருக்க முடியாது, எழுபதுகளோடு இந்த இயந்திரத்தை நிறுத்திவிட்டார்கள். இதற்குள் எனக்கு ரத்தம் சூடேறிவிட்டதால் சரித்திரத்தில் இறங்கினேன். 1969-ல் ஆட்டோமேடிக் குரோனோகிராஃபை யார் முதலில் கொண்டுவருவது என்று போட்டி. ஜனவரியில் ஜெனித் அறிவித்தது, மார்ச்சில் ஹோயர், பிரைட்லிங் கூட்டணி. சீகோ சத்தம் போடாமல் மே மாதம் ஜப்பானில் கடையிலேயே விற்றது. 1973-ல் வில்லியம் போக் என்கிற விண்வெளி வீரர், நாசா கொடுத்த ஒமேகா போதாதென்று, ராணுவ முகாம் கடையில் 71 டாலருக்கு வாங்கிய இதே மஞ்சள் சீகோவை யாரிடமும் சொல்லாமல் ஸ்கைலாபுக்குக் கொண்டுபோனார். 1979-ல் நம் தலையில் விழப்போகிறது என்று பயந்து கிடந்தோமே, அதே ஸ்கைலாப். 84 நாள் மேலே இருந்தார். 2008 ஏலத்தில் அந்த வாட்ச் 5,975 டாலருக்குப் போனது.

மச்சான் யோசித்தார். "அங்க எடையே கிடையாதே, உள்ள ரோட்டர் எப்படி சார் சுத்தும்?"

நல்ல கேள்வி. அதனால் இன்னும் எரிச்சல் வந்தது. எடை போனாலும் நிறை போகாது. கையை வீசினால் ரோட்டர் பின்தங்கும், அதுவே சுற்று. சொன்னேன். அவர் கேட்கவில்லை. திருகை உள்ளே அழுத்தி அழுத்தி விளையாடிக்கொண்டிருந்தார். பாதி அழுத்தினால் தேதி மாறும், முழுக்க அழுத்தினால் கிழமையும் சேர்ந்து மாறும். எந்த நாட்டுக்குச் செய்ததோ, இதில் கிழமை இங்கிலீஷிலும் ஸ்பானிஷிலும் மாறி மாறி வரும். ஒன்பது முறை அழுத்திவிட்டார். 14-ஆம் தேதி ஞாயிறு போய் 23-ஆம் தேதி ஸ்பானிஷ் வியாழக்கிழமை வந்து நின்றது.

"நல்லா ஓடுற வாட்ச்னா ஏன் சார் விக்கிறீங்க?" என்றார் தம்பி.

சொல்லியிருப்பேன். அதற்குள் மனைவி காபியுடன் வந்து, "இதையா 55,000 சொல்றீங்க? குத்துவிளக்கு மாதிரி புளி போட்டாவது தேய்ச்சு வெச்சிருக்கலாமே" என்றாள். மச்சான் முகம் மலர்ந்தது. முதன்முறையாக ஒரு நிபுணரைச் சந்தித்துவிட்டார்.

"வீட்ல கேட்டுட்டுச் சொல்றோம் சார்" என்று எழுந்தார்கள். வாசல்வரை போய், செருப்பில் காலை நுழைத்துக்கொண்டே தம்பி திரும்பினார். "மனசுல ஒரு ரேட் வெச்சிருப்பீங்கல்ல?"

கேட்டைச் சாத்தினேன். படிகளில் அவர்கள் காலடியை எண்ணினேன், கூப்பிடுவதற்கு அல்ல. பதினாலு வரை கேட்டது.

அப்புறம் உட்கார்ந்து தேதியைச் சரிசெய்தேன். இதில் பின்னோக்கிப் போக வழியில்லை. ஞாயிற்றுக்கிழமைக்கு முழு அழுத்து ஐந்து. அதில் தேதி 28-க்குப் போய்விடும். அங்கிருந்து 14-க்குப் பாதி அழுத்து பதினேழு. பன்னிரண்டாவதில் கைதவறி முழுக்க அழுத்திவிட்டேன்.

"வித்தாச்சா?" என்றாள் மனைவி, உள்ளேயிருந்து.

"இரு, இன்னும் ஞாயித்துக்கிழமையே வரலை."