முன்னேற்பாட்டுச் செம்மல்

அண்டார்டிகா செல்லும் சுற்றுலாக் கப்பல்களில் பெரும்பாலானவை அர்ஜென்டினாவின் தென்கோடி ஊரான உஷுவாயாவிலிருந்துதான் கிளம்புகின்றன. நவம்பர் முதல் மார்ச் வரை எப்போது போனாலும் அந்தத் துறைமுகத்தில் முன்னேற்பாட்டுச் செம்மலைப் பார்க்கலாம். அமெரிக்கர், ஜெர்மானியர், ஆஸ்திரேலியர் என்று தேசம் மாறும், ஆள் மாறமாட்டார். ஓய்வுபெற்றவர், வசதியானவர், பல மாதங்களாக இதே வேலையாக இருந்தவர். அவருக்குப் பின்னால் இரண்டு பெரிய பெட்டிகள் வரும். பெட்டிகளுக்குப் பின்னால் மனைவி வருவார், ஒரு சின்னப் பையோடு.

அண்டார்டிகாவின் வோஸ்டாக் ஆய்வு நிலையத்தில் 1983இல் பதிவான மைனஸ் 89.2 டிகிரி செம்மலுக்கு மனப்பாடம். பெட்டி கட்டியதே அந்த எண்ணை நம்பித்தான். ஆனால் அது நடுக்கண்டத்தில், கடுங்குளிர்கால ஜூலையில் வந்த குளிர். இவருடைய கப்பல் போவதோ தீபகற்பக் கரைக்கு, அதுவும் அங்கே கோடைக்காலத்தில். வெப்பநிலை பூஜ்ஜியத்தை ஒட்டித்தான் இருக்கும். கப்பலுக்குள் ஹீட்டர் புண்ணியத்தில் அரைக்கைச் சட்டையே போதும்.

அறைக்குள் நுழைந்தால் கட்டிலில் தடித்த கோட்டு ஒன்று மடித்து வைத்திருக்கிறது. பல நிறுவனங்கள் கோட்டை இனாமாகவே தந்துவிடும். முழங்கால் வரைக்கும் வரும் ரப்பர் பூட்ஸை இரவல் தரும். ஊரிலிருந்து சுமந்து வந்த கோட்டு பாவம், பயணம் முழுக்க அலமாரியில் தூங்கும்.

கப்பல் தராதது தண்ணீர் புகாத கால்சட்டை. கரைக்குப் போவது சோடியாக் என்ற ரப்பர் படகில். அதன் விளிம்பில் உட்கார வேண்டும், அலை வந்து மடியில் விழும், இறங்கும்போது கால் தண்ணீரில்தான் படும். செம்மலிடம் இருப்பதோ வாத்து இறகு அடைத்த கால்சட்டை. நனைந்தால் இறகு கட்டிப்போகும், அப்புறம் குளிர் தாங்காது. அம்மையார் உஷுவாயா கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்த சாதாரணக் கால்சட்டை, சொட்டு நீரை உள்ளே விடவில்லை.

போகும் வழியில் டிரேக் நீரிணையைக் கடக்க ஏறக்குறைய இரண்டு நாள். கப்பல் ஆட ஆரம்பித்தால் நடைவழிக் கைப்பிடிகளில் காகிதப் பைகள் முளைத்துவிடும். எதற்கென்று சொல்ல வேண்டியதில்லை. குமட்டல் மாத்திரையை ஆட்டத்துக்கு முன்னாலேயே விழுங்க வேண்டும். செம்மல் மூன்று வகை மாத்திரை வைத்திருக்கிறார், இரண்டாவது பெட்டியின் அடியில். அம்மையார் காதுக்குப் பின்னால் மருந்துப் பட்டையை ஒட்டிக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போய்விட்டார்.

ஆட்டம் அடங்கியதும் பரிசோதனை. கரைக்குக் கொண்டுபோகும் உடுப்பு, பை, கேமரா முக்காலி எல்லாவற்றையும் கப்பல் ஊழியர் கண்முன்னே வேக்குவம் கிளீனரால் உறிஞ்ச வேண்டும். வெளியூர் விதை ஒன்றுகூட அண்டார்டிகாவில் இறங்கக்கூடாது. போவா ஆனுவா என்ற புல் இப்படித்தான் மனிதரோடு போய் வேர்பிடித்தது. புத்தம்புதுச் சாமான்களில் குறையில்லை. மாட்டிக்கொண்டது, செம்மல் இருபது வருடமாகப் பெருமையோடு சுமக்கும் மலையேற்றப் பை. அதன் வெல்க்ரோ பட்டையில் எந்த மலையிலோ ஒட்டிய புல்முள் உட்கார்ந்திருக்கிறது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி ஒவ்வொன்றாக நெம்பி எடுக்கிறார். பை ஜேபியில் பழைய கடலை வேறு. கரையில் தின்பண்டத்துக்கும் தடை. அம்மையார் பை முன்பே முடிந்துவிட்டது.

இத்தனைக்கும் சாப்பாட்டு மேசையில் செம்மல் விரும்பிச் சொல்வது துருவப் பயணி ஷாக்கிள்டன் கதை. 1915இல் எண்டூரன்ஸ் கப்பலைப் பனி நொறுக்கியபோது, சொந்தச் சாமான் ஆளுக்கு 2 பவுண்டு, அதாவது ஒரு கிலோவுக்கும் குறைவு, என்று உத்தரவிட்டார் ஷாக்கிள்டன். தன் தங்கக் காசுகளையே பனியில் எறிந்து காட்டினார். குழுவில் ஒருவரான ஹஸ்ஸியின் பாஞ்சோவுக்கு மட்டும் விலக்கு, ஆட்கள் மனம் சோராதிருக்க. சொல்லும்போது செம்மலுக்குக் கண் கலங்கும். அவருடைய பெட்டிகளின் எடையை அந்த நேரத்தில் யாரும் கேட்பதில்லை. நாகரிகம்.

கரையில் ஒரே நேரத்தில் 100 பயணிகளுக்கு மேல் இறங்கக்கூடாது என்பது கப்பல் நிறுவனங்களின் சங்கம் வைத்த விதி. ஆகவே முறை வைத்துத்தான் கூப்பிடுவார்கள். செம்மல் ஐந்து அடுக்கு உடுத்தி ஒரு மணி நேரம் முன்னதாகவே நடைவழியில் நிற்பார். அவர் குழு கடைசி. உள்ளே வியர்த்து ஊற்றும். படகில் ஏறியதும் அந்த வியர்வைதான் குளிரும். பெங்குவினிடமிருந்து 5 மீட்டர் விலகி, நடுங்கிக்கொண்டே படம் எடுப்பார். கேமரா பாட்டரி குளிரில் சீக்கிரம் இறங்கிவிடும். மாற்று பாட்டரிகளைச் சட்டைக்குள் உடம்போடு வைத்திருக்கிறார். இதில் மட்டும் அவரைக் குறை சொல்ல முடியாது.

கடைசியில் ஒருநாள், இடுப்பில் கயிறு கட்டி உறைகடலில் குதிக்கும் விளையாட்டு. பாதிக் கப்பல் வரிசையில் நிற்கிறது. இரண்டு பெட்டியையும் கவிழ்த்துப் பார்த்தாயிற்று, நீச்சலுடை இல்லை. அம்மையார் குதித்து ஏறி, துண்டைப் போர்த்திக்கொண்டு சூடாகச் சாக்லேட் குடிக்கிறார்.

திரும்பும் வழியில் டிரேக் அமைதியாக இருக்கிறது. செம்மல் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்துவிட்டார். அடுத்த வருடம் வடக்கே, ஸ்வால்பார்டு. அங்கே பனிக்கரடி உண்டு, வழிகாட்டிகள் துப்பாக்கியோடுதான் நடப்பார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். மூன்றாவது பெட்டிக்கு அளவு குறித்துக்கொண்டிருக்கிறார்.