பளபளா அண்ணன்

பண்ருட்டியில் தெருவுக்கு ஒரு பளபளா அண்ணன் உண்டு. 1996-இல் உற்பத்தி நின்றுபோன யமஹா ஆர்எக்ஸ் 100 ஒன்று அவரிடம் இருக்கும். வண்டி ஓட்டுகிறார் என்று சொல்ல முடியாது, வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை வாசலில் சாக்கு விரித்து, கிழிந்த பனியன், பாலிஷ் டப்பா, தேய்ந்த பல் பிரஷ் சகிதம் உட்கார்ந்தால், உள்ளே கறிக்குழம்பு இரண்டு முறை சூடாகும்வரை எழுந்திருக்க மாட்டார்.

துருவுக்கு நல்ல வைத்தியம் தெரிந்தவர். பார்சலில் வந்த அலுமினியத் தாளைக் கசக்கி, தண்ணீரில் நனைத்து மட்கார்டில் தேய்ப்பார். அலுமினியம் குரோமைவிட மென்மை. மேல்துரு போகும், கீறல் விழாது. அதோடு நிறுத்தினால் அண்ணியும் வாழ்த்துவார்.

நிறுத்த மாட்டாரே! குரோம் முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான்கூடத் தேறாது. அதன் அடியில் இருக்கும் நிக்கல்தான் மினுமினுப்பில் பெரும்பங்கு. அந்த ஆடையின்மேல் அண்ணன் வாராவாரம் காம்பவுண்டு போட்டு அழுத்துகிறார். ஒருநாள் மட்கார்டு நுனி லேசாக மஞ்சள் தட்டும்.

“பாத்தியா தம்பி, கோல்டன் ஷேடு வருது!”

வந்தது நிக்கல். செம்பும் பூசியிருந்தால் அடுத்த தீபாவளிக்குள் அதையும் வெளியே கொண்டுவந்துவிடுவார். அப்புறம் பாலிஷ் எதற்கும் ஆகாது. பழைய முலாமைக் கழற்றி, பஃப் அடித்து, நிக்கலும் குரோமும் புதிதாக ஏற்ற வேண்டும். பிளேட்டிங் கடைக்காரர் இவருக்கு மட்டும் டீயோடு பன்னும் சொல்வதன் காரணம் இதுதான்.

முன் ஃபோர்க்கின் அலுமினியத்தில் கம்பெனி பூசிய லாக்கர் மங்கியிருந்தது. அதையும் சுரண்டி எடுத்தாயிற்று. வெற்று அலுமினியம் காற்றுப்பட்டால் மங்கும். விடாமல் பாலிஷ் கேட்கும். அண்ணனுக்கு அதில் வருத்தமில்லை. நிரந்தர உத்தியோகம் கிடைத்த திருப்தி.

கடலூர் உப்புக்காற்று அவருக்குப் பரம எதிரி. தேவனாம்பட்டினத்தில் தங்கை வீடு, பஸ்ஸில்தான் போவார். 2011 டிசம்பரில் தானே புயல் அடித்து, ஊரே சாய்ந்த முந்திரியையும் பலாவையும் எண்ணிக்கொண்டிருந்தபோது, நடுக்கூடத்தில் ஏற்றிய வண்டிக்கு ஸ்போக் ஸ்போக்காக ஈரம் துடைத்தவர். எப்போதாவது ஸ்டார்ட் செய்தாலும் சைலன்சர் நுனியில் துணி பிடித்தபடி ஒருவர் நிற்க வேண்டும். டூ ஸ்ட்ரோக் வண்டி. கருப்பு எண்ணெய் துப்பும்.

பலா சீசனில் அவர் பாடு பெரும்பாடு.

“தம்பி, இந்த ஒத்தப் பழத்த பஸ் ஸ்டாண்டுல எறக்கிடேன்.”

“அய்யோ பெரியம்மா, முள்ளு டேங்க கீறிடும். காம்புப் பாலு ஒட்டுனா எண்ணெய் போட்டுத்தான் எடுக்கணும்.”

“அப்ப மடியில வெச்சுக்கிறேன்.”

“நீங்க ஏறுனா மட்கார்டுல செருப்பு படுமே.”

கையோடு ஆட்டோவை நிறுத்தி, பெரியம்மாவையும் பழத்தையும் ஏற்றி, காசையும் அவரே கொடுத்துவிடுவார். சீசன் முடிவதற்குள் ஆட்டோக்காரர் தினமும் அந்த வாசலிலேயே வந்து நிற்கப் பழகியிருப்பார். அவர் வண்டி ஹேண்டில்பாரில் இருக்கும் துருவைப் பற்றி அண்ணன் இப்போதுதான் பேச்செடுத்திருக்கிறார்.