சிக்கனார்

மாடிப்படிக்கு அடியில் வருஷக்கணக்காகக் கிடந்த அப்பா காலத்து ஹெர்குலிஸை ஒருவர் வெளியே இழுத்துத் துடைத்து, "புது டூரிங் சைக்கிள் எதுக்கு? இதையே கொஞ்சம் தேத்தினா பாண்டிச்சேரி வரைக்கும் போகும்" என்று சொன்னால், அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த வீட்டுக்குக் கூரியர்காரர் வராத நாள் இருக்காது. இவரைச் சிக்கனார் என்று அழைக்கலாம். சென்னையில் தெருவுக்கு ஒருவர் இல்லாவிட்டாலும் பேட்டைக்கு ஒருவர் உண்டு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும். சட்டைப் பையில் ஒரு குறிப்பேடு, முதல் பக்கத்தில் "பட்ஜெட்: ரூ. 5,000" என்று எழுதி அடியில் இரண்டு கோடு போட்டிருப்பார். அவரை ஊதாரி என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒரு நட்டு வாங்கினாலும் நாலு கடை விசாரித்து, இருப்பதிலேயே மலிவானதைத்தான் வாங்குவார். அவரைச் செலவாளியாக்குவது அந்தச் சிக்கனமேதான் என்பது என் கட்சி.

கியரிலிருந்து தொடங்குவோம். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளை ஒருநாள் ஏறப்போவதால் கியர் வேண்டும் என்பது அவர் முடிவு. (இப்போதைக்கு ஏறுவது கோடம்பாக்கம் மேம்பாலம்.) கியர் போட்ட பின்சக்கர ஹப் ஒன்று மலிவாகவே கிடைக்கிறது. ஆனால் அதன் அகலம் 135 மி.மீ.; பழைய ஃபிரேமில் சக்கரம் மாட்டும் இடம் சுமார் 110 மி.மீ.தான். "இரும்புதானே, வளைஞ்சு கொடுக்கும்" என்று விரிக்கிறார். நிஜமாகவே வளைந்து கொடுத்துவிடுகிறது, வினையே அதுதான். பழைய பின்சக்கரத்துக்கு 40 கம்பி, புது ஹப்பிலோ 36 ஓட்டை. ஆகவே ரிம்மும் புதிது. பழைய 28 அங்குல ரிம்மில் டயர் உட்காரும் விட்டம் 635 மி.மீ., புது 700சி ரிம்மில் 622. முன்னே ஒன்று பின்னே ஒன்றாக இருந்தால் ஸ்பேர் டியூபும் டயரும் இரண்டு தினுசில் வாங்க வேண்டுமே! அந்தச் செலவை மிச்சம் பிடிப்பதற்காக முன்சக்கரத்தையும் மாற்றுகிறார். பழைய பிரேக் கம்பியால் இழுபட்டு ரிம்மின் உள்முகத்தைப் பிடிப்பது. புது ரிம்மைப் பக்கவாட்டில்தான் பிடிக்க முடியும். ஆகவே பிரேக், அதற்குக் கேபிள், லீவர், லீவருக்குத் தோதான ஹேண்டில்பார். கியர் செயின் ஒல்லி. முன்பக்கப் பழைய பல்சக்கரத்தின் பல் அதற்குள் இறங்காது. பல்சக்கரம் கிராங்கோடு சேர்ந்தது, கிராங்க் காட்டர் பின்னில் நிற்பது. கடைசியில் அச்சோடு எல்லாம் கழன்று வருகிறது. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். இதில் எந்தப் படியிலும் அவர் முட்டாள்தனமான முடிவு எடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒவ்வொரு சாமானும், முன்பு வாங்கியது வீணாகிவிடக் கூடாதே என்பதற்காக வாங்கியது. செயின் கட்டர், ஸ்பேனர் செட், பிளேடு போல் மெல்லிய கூம்பு ஸ்பேனர்கள் எல்லாம் குறிப்பேட்டில் ஏறாது; கருவிகள் மூலதனமாம்.

பழைய இரும்பு ஃபிரேம் தலைமுறை தாங்கும், அதைத் தேற்றுவதில் தப்பென்ன என்று கேட்பார்கள். ஒரு தப்பும் இல்லை. தெருமுனை சைக்கிள் கடைக்காரர் சொல்வதும் அதையேதான்: "ஓவராயிலிங் பண்ணி, பால்ரஸ் மாத்தி, ரெண்டு டயரும் புதுசு போட்டுட்டா போதும் சார். ஏத்தம் கஷ்டமா இருந்தா ஃப்ரீவீலை மட்டும் பெரிசா மாட்டிக்கலாம்." 18 பல் ஃப்ரீவீலைக் கழற்றிவிட்டு 22 பல் போட்டு, செயினில் ஓரிரு கண்ணி சேர்த்தால் மிதி ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு இலகுவாகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் எதிர்க்காற்றைத் தவிர வேறு மலை கிடையாது. அதற்கு இது ஏராளம். டூர் டி பிரான்ஸ் பந்தயத்திலேயே 1937 வரை கியர் மாற்றிகளுக்கு அனுமதி இல்லை, அதற்கு முன்பே பிரனீஸ் மலைகளை ஏறியிருக்கிறார்கள். கடைக்காரர் சொல்கிற வேலை ஐயாயிரத்துக்குள் அடங்கிவிடும். சிக்கனாருக்கு அது பிடிக்காததற்குக் காரணமும் அதுவே. பிரேக் விஷயத்தில் மட்டும் அவர் பக்கம் நியாயம் உண்டு. குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் வழுக்கும். ஐப்பசியில் நெடும்பயணம் போகிறவர் அதற்காக அலுமினிய ரிம் போட்டால் நான் வாய் திறக்க மாட்டேன். சிக்கனார் தூறல் போட்டாலே சைக்கிளை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறவர்.

அவர் கழற்றுவதையும் பார்க்க வேண்டும். பால் கேனும் அரிசி மூட்டையும் கேஸ் சிலிண்டரும் சுமந்த வம்சம் அந்தச் சைக்கிள். கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு, செயின் கவர், டைனமோ என்று நெடும்பயணத்துக்கு வேண்டியதெல்லாம் பிறக்கும்போதே அதற்கு உண்டு. எடை குறையட்டும் என்று முதல் வாரமே அவற்றைக் கழற்றிவிடுகிறார். மூன்றாம் மாதம், பை கட்ட இடமில்லையே என்று அலுமினியக் கேரியர் ஒன்று வாங்குகிறார். அதில் 25 கிலோவுக்கு மேல் ஏற்றாதே என்று எழுதியிருக்கிறது. குறைந்த எடையைத் தராசில் போட்டுக் காட்டுகிறார். அதைவிட அதிகமாக அவர் இடுப்பிலேயே இருப்பதை வீட்டில் யாரும் நாகரிகம் கருதிச் சொல்வதில்லை.

ஒரு மனுஷன் கையில் கிரீஸ் படிய நாலு விஷயம் கற்றுக்கொள்கிறான், பொழுதுபோக்குக்கு லாப நஷ்டக் கணக்கு எதற்கு என்பது வலுவான வாதம். அவர் அதைப் பொழுதுபோக்கு என்று ஒப்புக்கொண்டால் நானும் வாயை மூடிக்கொள்வேன். ஆனால் பொழுதுபோக்கு என்றால் வீட்டில் கேள்வி வரும், எவ்வளவு ஆச்சு என்று அம்மாவும் மனைவியும் சேர்ந்து கேட்பார்கள். மிச்சம் பிடிக்கிறேன் என்றால் காபி வரும். புது சைக்கிள் வாங்கியிருந்தால் ஒரே ஒரு நாள் திட்டு வாங்கியிருப்பார். தவணையாகச் செலவழிப்பதில் ஒரு திட்டும் முழுசாகத் திரள்வதில்லை. இத்தனை சௌகரியமான ஏற்பாட்டை எந்தக் கணக்குப்பிள்ளை வந்து சொன்னாலும் அவர் விடமாட்டார்.

சைக்கிள் ஒருவழியாகத் தயாராகிறது. அதில் பழசு என்று மிஞ்சியது ஃபிரேமும் ஃபோர்க்கும்தான். கழற்றிய சக்கரங்கள், கம்பி பிரேக், கிராங்க், கேரியர், ஸ்டாண்டு, மட்கார்டு எல்லாம் பரணில் பத்திரமாக இருக்கின்றன. அத்தனையும் நல்ல சாமான், தூக்கிப் போட மனம் வருமா? ஒரு ஃபிரேமும் ஃபோர்க்கும் மட்டும் கிடைத்துவிட்டால் செலவே இல்லாமல் இன்னொரு சைக்கிள். பழைய இரும்புக் கடைகளில் விசாரித்துக்கொண்டிருக்கிறார். பட்ஜெட் ஐந்நூறு ரூபாய்.