ஓகே கொடுத்தவர்

"நான் ஒண்ணும் பண்ணல தம்பி. ராத்திரி அதுவா அப்டேட் ஆச்சு. காலையில ஏதோ வந்துச்சு, ஓகே குடுத்துட்டேன். இப்ப காலண்டர் வரல."

என்ன வந்தது? தெரியாது. எத்தனை வரி இருந்தது? "ரெண்டு வரி இருக்கும்." பாஸ்வேர்டு பற்றியா? "இருக்கலாம்." அதற்குள் அடுத்தது வந்துவிடும். போனிலேயே 'டிக்' என்று மவுஸ் சத்தம் கேட்கும்.

"சார், இப்ப என்ன பண்ணீங்க?"

"ஒண்ணும் பண்ணலையே. இன்னொண்ணு வந்துச்சு, ஓகே குடுத்தேன்."

நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை. வங்கி மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர் இல்லாத அடுக்குமாடிக் குடியிருப்பு உண்டா? முதல் மாடியில், லிஃப்டுக்கு எதிர் வீட்டில் இருக்க வேண்டும் என்றுகூட அவசியமில்லை.

இவர் படிக்காத மனிதர் என்றால் நான் இதை எழுதியிருக்கவே மாட்டேன். கல்யாணப் பத்திரிகை வந்தால் மணமக்கள் பெயரைப் பார்ப்பதற்கு முன்பே எழுத்துப்பிழையைக் கண்டுபிடித்துவிடுவார். மாத்திரைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துத் தாளைப் பூதக்கண்ணாடி வைத்து, பக்க விளைவுகள் வரைக்கும் படிப்பார். வேலையில் இருந்த காலத்தில், கையெழுத்தின் வால் கொஞ்சம் குட்டையாக இருந்தால் செக்கைத் திருப்பி அனுப்பியவர். "படிச்சுப் பார்த்துட்டுக் கையெழுத்துப் போடுங்க" என்று ஊருக்கே உபதேசம் செய்த அந்த மனிதரின் கண், கம்ப்யூட்டர் திரையில் ஒரு சின்னப் பெட்டி முளைத்ததும் மூடிக்கொள்கிறது. விரல் முந்திக்கொள்கிறது. நடந்ததைப் பார்த்த ஒரே சாட்சி அந்தப் பெட்டிதான். அது வாயைத் திறப்பதற்குள் வீட்டுக்கு அனுப்பிவிட்டு, என்ன நடந்தது என்று என்னைக் கேட்கிறார்.

"அடுத்த தடவை வந்தா தொடாதீங்க. போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல அனுப்புங்க" என்று சொல்லிப் பார்த்தேன். அனுப்பினார். முதல் படத்தில் மேஜை, மூக்குக் கண்ணாடிக் கூடு, சுவரில் தொங்கும் முருகன் காலண்டர் எல்லாம் துல்லியம். திரையில் செய்தி இருக்க வேண்டிய இடத்தில் ஃபிளாஷ் வெளிச்சம் வட்டமாக உட்கார்ந்திருந்தது. கிட்டே போய் எடுங்கள் என்றேன். அடுத்த படத்தில் ஓகே பொத்தான் மட்டும் திரை முழுக்க நிறைந்திருந்தது. இன்னொன்று எடுங்கள் என்றதற்கு வந்த படத்தில் பெட்டியே இல்லை. கீழே ஒரு குறிப்பு: "மறைச்சுக்கிட்டு இருந்துச்சு, அதான் ஓகே குடுத்துட்டு எடுத்தேன்."

அந்த இரண்டு வரிக்காக நான் ஏன் இப்படித் தவம் கிடக்கிறேன் என்று கேட்கலாம். அப்டேட்டுக்குப் பிறகு காலண்டர் கணக்கு உள்ளே விட மறுத்தால், அதற்குப் பல காரணங்கள் இருக்கலாம். முன்பெல்லாம் காலண்டர் செயலி நம் பாஸ்வேர்டையே வாங்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு முறையும் அதைக் காட்டி உள்ளே போகும். 2012-இல் வந்த ஓஆத் 2.0 என்ற ஏற்பாட்டில் கதை வேறு. பிரவுசர் திறக்கும். அங்கே நாமே உள்ளே போய் அனுமதி கொடுத்தால், செயலிக்கு ஒரு டோக்கன் கிடைக்கும். அதன் பிறகு செயலிக்கு நம் பாஸ்வேர்டு தேவையில்லை. வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய செயலிகளை, தனிநபர் கணக்குகளைப் பொறுத்தவரை, கூகுள் 2022 மே 30-லிருந்து நிறுத்த ஆரம்பித்தது. அப்டேட் ஆகும்போது சேமித்து வைத்த டோக்கன் செல்லாமல் போனால் திரும்ப அனுமதி கேட்கும்.

இரண்டு கட்டச் சரிபார்ப்பு போட்டிருக்கும் கணக்கில் சில செயலிகளுக்கென்று தனியாகப் பதினாறு எழுத்துப் பாஸ்வேர்டு வாங்க வேண்டியிருக்கும். அங்கே இவருடைய சொந்தப் பாஸ்வேர்டை எவ்வளவு சரியாக அடித்தாலும் "தவறு" என்றுதான் வரும். (அதை எழுதி வைத்திருக்கும் டைரியைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும்.) பழைய கம்ப்யூட்டராக இருந்து உள்ளே இருக்கும் சின்ன பேட்டரி செத்துவிட்டால், தேதி பல வருடம் பின்னால் போய்விடும். எதிர்முனையில் இருக்கும் சர்வரின் சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று கம்ப்யூட்டர் நினைத்துக்கொண்டு, இணைப்பையே மறுத்துவிடும். தேதி தெரியாததால் காலண்டர் திறக்காது! இத்தனையில் எது என்று அந்தப் பெட்டிக்குத்தான் தெரியும். பெட்டியோ ஓகே வாங்கிக்கொண்டு போய்விட்டது.

போதாக்குறைக்கு, பெங்களூரில் இருக்கும் தங்கை மகனிடமும் கேட்டிருப்பார். "அக்கவுண்டைத் தூக்கிட்டுத் திரும்பப் போடுங்க மாமா" என்று அவன் சொல்லியிருப்பான். சில நேரம் அது சரியான வைத்தியம்தான். ஆனால் இன்னும் சர்வருக்குப் போய்ச் சேராத குறிப்புகள் இருந்தால், தூக்கும்போது அவையும் சேர்ந்து போய்விடும் என்பதை அவன் சொல்லியிருக்க மாட்டான்.

இவர் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. "படிச்சுட்டு அமுக்கக் கூடாதா சார்?" என்று ஒரு நாள் கொஞ்சம் சூடாகவே கேட்டுவிட்டேன். அன்றைக்குப் பார்த்து, 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது. பிறகு முயற்சிக்கவும்' என்று வந்திருந்தது. "படிச்சாச்சு. இதுல என்ன இருக்கு? ஓகேன்னு ஒரு பட்டன்தான் வச்சிருக்கான். வேற என்னத்தைக் குடுக்கச் சொல்ற?" என்றார். இப்படி ஒரு கடிதத்தை இவருடைய கிளையிலிருந்து யாராவது வாடிக்கையாளருக்கு அனுப்பியிருந்தால், அனுப்பியவருக்கு அன்றே மெமோ போயிருக்கும்.

அதற்காக ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கா? இதை வேடிக்கையாகச் சொல்ல எனக்கு வரவில்லை. அவருக்குப் பென்ஷன் இருக்கிறது, வாரத்தில் ஏழு பகல் தூக்கமும் இருக்கிறது. எனக்கு இருப்பது ஒன்று. ஊறுகாயும் தயிர்சாதமுமாகச் சாப்பிட்டுவிட்டுத் தலையணையில் சாயும் நேரம் பார்த்துத்தான் அந்தப் பெட்டி அவருக்கு வருகிறது.

கடைசியாகப் போன ஞாயிற்றுக்கிழமை, காரணம் டோக்கன்தான் என்று ஒருவழியாகப் பிடிபட்டது. கணக்கில் நுழைந்தால் பிரவுசர் திறக்கிறது, அனுமதி கேட்கிறது. அதோடு நின்று, மறுபடியும் முதலிலிருந்து வருகிறது. வருகிற பெட்டிக்கெல்லாம் ஓகே கொடுக்கிறவர் இங்கே மட்டும் என்ன செய்கிறார் என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'ரத்து' என்பதை அமுக்கினார்.

"ஏன் சார்?"

"நீ படிக்கலையா?" என்று கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, திரையில் விரல் வைத்து ஒவ்வொரு வார்த்தையாகப் படித்துக் காட்டினார். உங்கள் காலண்டர்களைப் பார்க்கவும், திருத்தவும், பகிரவும், நிரந்தரமாக நீக்கவும் இந்தச் செயலிக்கு அனுமதி. "நிரந்தரமா நீக்கவும்னு போட்டிருக்கு தம்பி. நீக்கிட்டா யாரு பொறுப்பு? எழுதிக் குடுப்பானா?"

ஒரு குறிப்பை நாமே அழித்தாலும் அதைச் செய்து முடிக்கச் செயலிக்கு அந்த அதிகாரம் வேண்டும், அதனால்தான் கேட்கிறது என்று விளக்கினேன். கடன் விண்ணப்பத்தைக் கேட்டுக்கொள்ளும் முகத்தோடு கேட்டுக்கொண்டார். "சரி, உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டு, வாழ்க்கையிலேயே முதல் தடவையாக யோசித்து ஓகே கொடுத்தார்.

காலண்டர் வந்தது. கேஸ் சிலிண்டர் பதிந்த தேதி, எல்ஐசி பிரீமியம், பேத்தியின் பிறந்தநாள், பல் டாக்டர் எல்லாம் அதனதன் இடத்தில் வந்து உட்கார்ந்தன. கூடவே ஞாயிற்றுக்கிழமைகளில் பச்சை நிறத்தில் ஒரு கட்டம். அமுக்கிப் பார்த்தேன்.

'கம்ப்யூட்டர். தம்பி வருவான். மாலை 3 மணி. திரும்ப வருவது: வாரந்தோறும். முடிவு தேதி: இல்லை.'